பல்லும் ஓர் அமானிதமே!

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனான அல்லாஹுத்தஆலாவுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



நமக்கு அளித்த நிஃமத்துகளை நினைவூட்டும்போது அல்லாஹுத்தஆலா, இரு கண்களைத் தரவில்லையா, நாவையும் இரு உதடுகளையும் தரவில்லையா என்ற கருத்தில் ஸூரத்துல் பலதில் கேட்கிறான். அந்த உதடுகளுக்கும் நாவுக்கும் இடையே முத்து வரிசைபோல் அவன் கோத்து வைத்திருப்பவை நம் பற்கள். உண்ணும் ரிஜ்கை அரைப்பது அவை. குர்ஆனின் எழுத்துக்களை அதனதன் மக்ரஜில் உச்சரிக்கத் துணை நிற்பவையும் அவையே. முன்பல் விழுந்த பெரியவர் ‘ஸீன்’ என்றும் ‘தே’ என்றும் ஓதப் படும் பாட்டைக் கண்டவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

ஒரு பல்லின் விலை என்ன? உலகம் எந்த விலையையும் சொல்லட்டும், ஷரீஅத்து சொல்லும் விலையைக் கேளுங்கள். ஒருவர் மற்றவரின் பல்லை உடைத்துவிட்டால் அதற்கு ஈடு ஐந்து ஒட்டகங்கள் என்று ஹதீஸில் வந்திருக்கிறது. ஓர் உயிருக்கு ஈடு நூறு ஒட்டகங்கள். பிறர் உடைத்தால் ஐந்து ஒட்டகம் கேட்கும் பல்லை, நாமே கவனியாமல் விட்டு ஒவ்வொன்றாக உதிர விடுகிறோமே, இதற்கு நாளை யார் பதில் சொல்வது? சரீரம் நமக்குச் சொந்தமன்று. அது அவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். பல்லும் அந்த அமானிதத்தில் ஒரு பங்கே.

நம் மார்க்கம் வாயின் சுத்தத்துக்குக் கொடுத்த இடம் வேறெங்கும் காண முடியாதது. உம்மத்துக்குச் சிரமமாகிவிடுமே என்ற அச்சம் மட்டும் இல்லாதிருந்தால் ஒவ்வொரு தொழுகையின்போதும் மிஸ்வாக் செய்வதைக் கட்டளையாகவே ஆக்கியிருப்பேன் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் இவ்வுலகை விட்டுப் பிரியும் அந்தக் கடைசி வேளையிலும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் பல்லால் மென்று மிருதுவாக்கிக் கொடுத்த மிஸ்வாக்கால் பல் துலக்கினார்கள் என்பதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். ஸக்கராத்தின் நேரத்திலும் விடாத ஸுன்னத்து அது!

மிஸ்வாக் ஒடிக்கும் அந்த அராக் மரம் அரபு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. உகா மரம் என்ற பெயரில் நம் தென்கடற்கரை உவர் நிலங்களிலும் அது வளர்கிறது. பல்லுக்கு உறுதி தருபவை என்று ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் நம் நாட்டுப் பழமொழியும் போற்றுகிறது. குச்சிக்குக் குறைவில்லை, ஸுன்னத்துக்கும் குறைவில்லை. பிறகு ஏன் நம் வீடுகளில் நாற்பது வயதிலேயே பல் ஆடுகிறது? இதைத்தான் இம்மாதம் பேச எடுத்துக் கொண்டோம்.

சீட்டில் வந்த கேள்விகள்

தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே உள்ள ஊர் ஆழ்வார்திருநகரி. அவ்வூரில் ஒருநாள் மஃரிபுக்குப் பின் சுத்தத்தைப் பற்றிப் பேசினோம். பேச்சு முடிந்ததும் ஆண்கள் பக்கத்திலிருந்தும், திரைக்கு அப்பாலிருந்த தாய்மார்களிடமிருந்தும் சீட்டுகள் வந்தன. அவற்றில் பாதி பல்லைப் பற்றியவை. பல் பிடுங்கினால் ஒளு முறியுமா? ஈறு ஆபரேஷன் செய்தவர் வாய் கொப்பளிக்காமல் குளிப்பு நிறைவேறுமா? நோன்பில் ஊசி போடலாமா? பல்லில் சிமெண்ட் அடைத்தவரின் ஜனாபத் நீங்குமா?

கேட்டவர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் அந்தச் சீட்டுகளுக்குள் இன்னொரு செய்தியும் ஒளிந்திருந்தது. பலர் மஸ்அலா தெரியாத காரணத்தாலேயே சிகிச்சையைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். “ரமலான் கழியட்டும்”, “பெருநாள் போகட்டும்”, “மகள் நிக்காஹ் முடியட்டும்” என்று வருஷம் ஓடியிருக்கிறது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் 1965-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியின் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆழ்வார்திருநகரியில் ரயிலேறினால் திருநெல்வேலியில் இறங்கிப் போய்விடலாம். வழி இருந்தும் போகாதது ஏன்? பாதி பயம், பாதி அறியாமை. பயத்தை டாக்டரின் விளக்கம் போக்கும். அறியாமையை மார்க்கத்தின் விளக்கம் போக்கும். இரண்டையும் இங்கே சேர்த்தே சொல்கிறோம்.

ஈறில் என்னதான் நடக்கிறது?

உண்டபின் பல்லின் மேல் ஒட்டும் பசை போன்ற படலத்தில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடியேறுகின்றன. அன்றன்று துலக்கினால் அது போய்விடும். விட்டுவிட்டால் எச்சிலிலுள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து அது கல்லாக இறுகிவிடும். அதுவே பற்காரை. இறுகிய காரையை மிஸ்வாக்காலோ பிரஷ்ஷாலோ எடுக்க முடியாது. ஈறு அதனால் சிவந்து வீங்கித் துலக்கும்போது இரத்தம் வரும். இது முதல் எச்சரிக்கை.

இரத்தம் வருகிறதே என்று பலர் அந்த இடத்தில் துலக்குவதையே நிறுத்திவிடுகிறார்கள். அது தலைகீழான வைத்தியம். காரை இன்னும் பெருகி ஈறுக்குக் கீழே இறங்கும். பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். இதில் வலி அதிகம் இருக்காது என்பதுதான் ஆபத்து. வாய் நாற்றமும் ஈறில் சீழும் வந்து, பல் ஆடத் தொடங்கும்போதுதான் மனிதன் விழிக்கிறான். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈறு நோய் விரைவில் முற்றும். முற்றிய ஈறு நோயோ சர்க்கரையைக் கட்டுப்படாமல் ஏற்றும். ஒன்றை ஒன்று வளர்க்கும் இரண்டு வியாதிகள் அவை.

பல் சொத்தை வேறு விஷயம். இனிப்பைக் கிருமிகள் புளிக்க வைத்து உண்டாக்கும் அமிலம் பல்லை அரிப்பதால் சொத்தை வருகிறது. சரீரத்திலேயே மிகக் கடினமான பொருள் பல்லின் மேற்பூச்சு. அதையும் அந்த அமிலம் துளைத்துவிடுகிறது. கண்டங்கத்திரி விதையைப் புகைத்துப் பல்லிலிருந்து புழு விழச் செய்வதாகச் சொல்பவர்களிடம் இனியும் ஏமாற வேண்டாம். சொத்தையை உண்டாக்குவது புழு அன்று.

வேரில் சீழ் கட்டி முகம் வீங்கும்போது சிலர் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் கொண்டு வீட்டிலேயே கிடக்கிறார்கள். காய்ச்சல், வாயைத் திறக்க முடியாமை, விழுங்கச் சிரமம், தாடைக்குக் கீழே கழுத்துவரை வீக்கம் இவற்றில் எது கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் அந்த இரவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். அந்த வீக்கம் மூச்சுக் குழலை அடைத்து உயிரையே பறித்துவிடக் கூடும். நம் கைகளாலேயே நம்மை அழிவில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று இறைமறை தடுத்திருப்பதை இங்கே நினைவில் கொள்ளுங்கள்.

என்னென்ன சிகிச்சைகள்?

முதலாவது காரை எடுத்தல். ஸ்கேலிங் என்பார்கள். அதிர்வுள்ள சிறு கருவியால் தண்ணீர் தெளித்துக் கொண்டே காரையைப் பெயர்த்தெடுப்பார்கள். “ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும்” என்ற பேச்சு நம் வீடுகளில் பலமாக இருக்கிறது. உண்மை என்ன? எலும்பு முன்பே கரைந்து போயிருக்கும். காரைதான் முட்டுக் கொடுத்ததுபோல் பல்லை நிறுத்தியிருக்கும். காரையை எடுத்ததும் உள்ளிருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. சுவரின் விரிசலைக் காட்டியது வெள்ளையடிக்க வந்தவன் குற்றமாகுமா?

காரை ஈறுக்குள் ஆழமாக இறங்கியிருந்தால் அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து வேரையும் சுரண்டிச் சுத்தம் செய்வார்கள். அதற்கும் கட்டுப்படாத இடத்தில் ஃபிளாப் ஆபரேஷன் செய்கிறார்கள். ஈறைக் கீறி ஒரு மடல்போல் விலக்கி, வேரையும் எலும்பையும் கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்து, தேவையானால் எலும்புத்தூள் வைத்து, ஈறை மீண்டும் பொருத்தித் தையல் போடுவார்கள். ஒரு வாரம், பத்து நாளில் தையல் பிரிப்பார்கள். பெயரைக் கேட்டால் நடுக்கம் வரும். ஆனால் நோயாளி விழித்தபடியே இருப்பார், வலி தெரியாது, அன்றே வீடு திரும்பலாம்.

ஈறு தடித்து வளர்ந்து பல்லை மூடினால் அதிகப்படியான சதையை வெட்டி எடுப்பதும் உண்டு. வலிப்புக்கும் இரத்தக் கொதிப்புக்கும் சாப்பிடும் சில மாத்திரைகளால் இப்படி ஈறு வளரும். ஆகவே சாப்பிடும் எல்லா மருந்துகளையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் அதைத் தாமாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் மறைக்கவும் கூடாது. இருதய வால்வு மாற்றியவர்களும், சர்க்கரை உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சொத்தை நரம்புவரை போயிருந்தால் வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றலாம். காப்பாற்ற முடியாததை எடுப்பார்கள். முளைக்க இடமின்றிச் சாய்ந்து கிடக்கும் கடைவாய் ஞானப்பல்லை ஈறைக் கீறி, எலும்பைச் சிறிது நீக்கி, துண்டாக்கி எடுப்பதும் உண்டு. இழந்த பல்லுக்குக் கழற்றி மாட்டும் செட்டும், தாடை எலும்பில் டைட்டானியம் திருகு பதித்துக் கட்டும் பல்லும் இருக்கின்றன. திருகு எலும்போடு சேர்ந்து இறுகச் சில மாதங்கள் பிடிக்கும்.

பல் எடுத்தபின் முக்கியமானது பத்தியம். வைத்த பஞ்சை அரைமணி, முக்கால்மணி நேரம் கடித்தபடி இருக்க வேண்டும். குழியில் உறையும் இரத்தம்தான் காயத்துக்கு மூடி. முதல் நாள் முழுவதும் வேகமாகக் கொப்பளிப்பதும், காறித் துப்புவதும், உறிஞ்சிக் குடிப்பதும், புகைப்பதும் கூடாது. அந்த மூடி பெயர்ந்துவிட்டால் மூன்றாம், நான்காம் நாளில் காதுவரை வலி பிடுங்கும். இந்த வரியை மறந்துவிடாதீர்கள். ஒளுவின் மஸ்அலா இதில்தான் வந்து நிற்கிறது.

இது நமக்குப் புதிய வித்தையா?

கத்தியையும் கருவியையும் கண்டு இதெல்லாம் யாரோ கொண்டுவந்த புது வித்தை என்று ஒதுங்குகிறவர்கள் நம் வரலாற்றை அறியார். ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவுக்கு அருகில் 936-ல் பிறந்து 1013 வாக்கில் மறைந்தவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி. அவர் எழுதிய ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் முப்பது பாக மருத்துவ நூலின் கடைசிப் பாகம் முழுவதும் சஸ்திர சிகிச்சை. பற்காரையைச் சுரண்டும் பதினான்கு வகைக் கருவிகளை அதில் அவர் படம் வரைந்தே காட்டியிருக்கிறார். இன்றைய ஸ்கேலிங்கின் பாட்டன் அவர். ஆடும் பல்லைத் தங்கக் கம்பியால் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டுவதையும், மாட்டெலும்பில் செய்த பல் வைப்பதையும் அவர் எழுதினார். அந்நூலை 12-ம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்த்துக்கொண்டு ஐரோப்பா நூற்றாண்டுகள் படித்தது.

ஸஹ்ராவி சொல்லும் எச்சரிக்கை இன்றும் பொருந்துகிறது. பல்லைப் பிடுங்க அவசரப்படாதே, எல்லா வைத்தியமும் செய்து பார், வலி ஏமாற்றும், நோயாளி நல்ல பல்லைக் காட்டிவிடுவார், எது நோயுள்ள பல் என்று உறுதி செய்துகொள் என்கிறார். அறியாத நாவிதர்கள் பிடுங்கி வேரை உள்ளே விட்டு, தாடையையும் உடைத்துவிடுவதைக் கண்டிக்கிறார். சந்தையோரம் துணி விரித்துப் பல் பிடுங்குபவரிடம் வாயைக் காட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கட்டும்!

நம் நாட்டிலும் பல் வைத்தியக் கல்விக்கு வித்திட்டவர் ஒரு முஸ்லிமே. டாக்டர் ரஃபீயுத்தீன் அஹ்மது அவர்கள் அலிகரில் கற்று, அமெரிக்காவில் பல் வைத்தியப் பட்டம் பெற்றுத் திரும்பி, 1920-ல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் வைத்தியக் கல்லூரியைத் தோற்றுவித்தார்கள். 1964-ல் பத்மபூஷண் விருது பெற்று 1965-ல் மறைந்தார்கள். அவர்கள் பிறந்த டிசம்பர் 24 இன்று பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. கல்கத்தாக் கல்லூரி இன்றும் அவர்கள் பெயரையே தாங்கி நிற்கிறது.

இவர்களுக்கெல்லாம் மேலாக ஓர் ஆதாரம் வேண்டுமா? உஹது களத்தில் நம் நாயகம் (ஸல்) அவர்களின் பல் உடைபட்டது. முகத்தில் காயம் பட்டு இரத்தம் நிற்கவில்லை. அலீ (ரலி) அவர்கள் கேடயத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற, அருமை மகள் ஃபாத்திமா (ரலி) அவர்கள் கழுவினார்கள். தண்ணீரால் இரத்தம் மேலும் வருவதைக் கண்டதும், பாயின் ஒரு துண்டை எரித்து அதன் சாம்பலைக் காயத்தில் வைத்தார்கள், இரத்தம் நின்றது. தவக்குலின் தலைவரே காயத்துக்கு வைத்தியம் செய்துகொண்டார்கள். நாட்டுப்புற அரபிகள் வந்து, நாங்கள் மருந்து செய்து கொள்ளலாமா என்று கேட்டபோது, செய்து கொள்ளுங்கள், முதுமையைத் தவிர மருந்தில்லாத நோயை அல்லாஹ் வைக்கவில்லை என்ற கருத்தில் விடை தந்தார்கள். இதற்குப் பிறகும் தவக்குல் என்று சொல்லி ஈறில் சீழோடு உட்கார்ந்திருப்பது தவக்குல் ஆகுமா?

மஸ்அலாக்கள்

சட்டங்களைச் சொல்லுமுன் ஒரு சம்பவம். ஸஹாபாக்கள் ஒரு பயணத்தில் இருந்தபோது ஒருவருக்குத் தலையில் கல்பட்டுக் காயம். அன்றிரவு அவருக்குக் குளிப்புக் கடமையானது. எனக்குத் தயம்மும் செய்யச் சலுகை உண்டா என்று உடனிருந்தவர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்றார்கள். அவர் குளித்தார், இறந்தும் போனார். செய்தி எட்டியபோது நாயகம் (ஸல்) அவர்கள் மிகவும் கடிந்துகொண்டார்கள். அவர்களே அவரைக் கொன்றுவிட்டார்கள், தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமை என்ற நோய்க்குக் கேள்விதானே மருந்து என்ற கருத்தில் சொன்னார்கள். அபூதாவூதில் வரும் இந்தச் செய்தியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மேலே படியுங்கள். பேணுதல் என்று நினைத்துக் காயத்தைக் கெடுத்துக்கொள்வதை மார்க்கம் பேணுதலாக ஏற்கவில்லை.

ஒளுவில் வாய் கொப்பளித்தல்: ஷாபிஈ, ஹனபி இரு மத்ஹபுகளிலும் இது ஸுன்னத்து, பர்ளு அன்று. ஆகவே பல் எடுத்த அன்று கொப்பளிக்காமல் விட்டாலும் ஒளு நிறைவேறும். ஸுன்னத்தை விட மனமில்லாதவர் டாக்டர் அனுமதித்தபின் வாயில் தண்ணீரை மெதுவாக ஏந்தித் தானாக வழியவிட்டால் போதும்.

கடமையான குளிப்பு: ஷாபிஈயில் இங்கும் கொப்பளிப்பு ஸுன்னத்தே. ஹனபியில் பர்ளு. ஆனால் காயத்துக்குத் தீங்கு வரும் என்று டாக்டர் தடுத்திருந்தால் ஹனபியிலும் அந்தக் கடமை நீங்கிவிடும். மெதுவாகத் தண்ணீர் படவிட முடியுமானால் அப்படிச் செய்ய வேண்டும்.

ஈறில் இரத்தம்: காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹபில் இரத்தம் வருவதால் ஒளு முறியாது. ஆனால் இரத்தம் நஜீஸ், அதனால் தீங்கில்லாத அளவில் வாயைச் சுத்தம் செய்து தொழ வேண்டும். தன் காயத்திலிருந்து கசியும் சிறிதளவுக்கு மன்னிப்புண்டு. ஹனபியில், துப்பும் எச்சிலைப் பார்க்க வேண்டும். மஞ்சளாக இருந்தால் எச்சிலே மிகைத்தது, ஒளு முறியாது. சிவப்பாக இருந்தால் இரத்தம் மிகைத்தது, ஒளு முறிந்துவிடும். ஒரு தொழுகையின் முழு நேரமும் நிற்காமல் வந்துகொண்டிருந்தால் அவர் தங்கடமுடையவர். ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு ஒளு செய்து தொழ வேண்டும். எந்த மத்ஹபிலும், வாயில் பஞ்சு இருக்கிறது என்ற காரணத்தால் தொழுகையைக் களாவாக்க அனுமதி இல்லை.

நோன்பு: பல் எடுப்பதாலோ, துளைத்து அடைப்பதாலோ, காரை எடுப்பதாலோ, மரத்துப்போக ஈறில் ஊசி போடுவதாலோ நோன்பு முறியாது, தண்ணீரும் மருந்தும் இரத்தமும் தொண்டைக்குள் இறங்காமல் தவிர்த்துக்கொண்டால். ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச பிக்ஹு அகாடமி 1997-ல் கூடி இப்படியே தீர்மானித்தது. வேண்டுமென்று விழுங்கினால் முறியும். ஆகவே பொறுக்கக்கூடிய வேலையை இஃப்தாருக்குப் பின்போ, ரமலானுக்கு முன்போ வைத்துக் கொள்வது நலம். வீக்கமும் சீழும் காய்ச்சலுமாக இருந்தால் நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை தந்திருக்கிறான். நோன்பை விட்டுச் சிகிச்சை பெற்று, பின்னர் களாச் செய்யட்டும். நோன்பில் துலக்குவதால் முறிந்துவிடும் என்று பயந்து மாதம் முழுவதும் வாயைப் போட்டுவைப்பதும் தவறு. ஷாபிஈயில் சூரியன் உச்சி சாய்ந்தபின் மிஸ்வாக் மக்ரூஹ் என்று மட்டுமே உள்ளது. ஸஹருக்குப் பின்னும் இஃப்தாருக்குப் பின்னும் நன்றாகத் துலக்கலாமே!

அடைத்த பல், கவர் போட்ட பல்: கழற்ற முடியாதபடி பொருத்தியவை பல்லின் பங்காகிவிட்டன. அவற்றின் மேல் தண்ணீர் பட்டால் குளிப்பு நிறைவேறும். சந்தேகத்தில் உழல வேண்டாம். கழற்றி மாட்டும் செட்டை ஹனபி மத்ஹபினர் கடமையான குளிப்பின்போது கழற்றிவிட்டுக் கொப்பளிக்க வேண்டும்.

தங்கப் பல்: ஆண்களுக்குத் தங்கம் ஹராம். ஆனால் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியில் மூக்கு வைத்து அது நாற்றம் எடுத்தபோது, தங்கத்தில் வைத்துக் கொள்ள நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். இதை வைத்துத் தேவைக்குத் தங்கப் பல்லை இமாம்கள் அனுமதித்தார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் பல்லுக்கு வெள்ளி போதும் என்றார்கள். இன்று பீங்கான் முதலிய பல வகைகள் வந்துவிட்டதால், ஆண்கள் பகட்டுக்காகத் தங்கம் கட்டுவதற்குக் காரணமே இல்லை.

எலும்புத்தூளும் சவ்வும்: ஈறு ஆபரேஷனில் வைக்கும் எலும்புத்தூள் சில மாட்டிலிருந்து எடுக்கப்படுகின்றன. மேலே மூடும் சவ்வு சில பன்றியிலிருந்து செய்யப்படுகின்றன. செயற்கையாகச் செய்தவையும் உண்டு, நோயாளியின் சொந்த எலும்பையே எடுத்து வைப்பதும் உண்டு. ஆகவே ஆபரேஷனுக்கு முந்தியே டாக்டரிடம் மரியாதையாகக் கேளுங்கள். எங்கள் மார்க்கத்தில் பன்றி கூடாது, வேறு வகை வையுங்கள் என்று சொன்னால் அவர் வழி செய்வார். நாற்காலியில் சாய்ந்தபின் கேட்பதில் பயனில்லை.

அழகுக்காக: அழகுக்கென்று பல்லை அராவி இடைவெளி உண்டாக்குவது ஹதீஸில் சபிக்கப்பட்டிருக்கிறது. கோணலாக வளர்ந்து மெல்லவும் பேசவும் தடையாக இருப்பதைக் கம்பி கட்டிச் சீர் செய்வது குறையைப் போக்குவதாகும். அது கூடும்.

தாய்மார்களுக்கு: பெண் டாக்டர் கிடைத்தால் அவரிடம் செல்லுங்கள். கிடைக்காத இடத்தில் மஹ்ரமான ஒருவரை உடன் வைத்துக்கொண்டு ஆண் டாக்டரிடம் வைத்தியம் செய்வதைத் தேவை அனுமதிக்கிறது. வெட்கத்தால் வலியை மறைத்து உள்ளுக்குள் அழுதுகொண்டிருக்கும் உம்மாமார்களை அழைத்துப் போவது வீட்டு ஆண்களின் பொறுப்பு. எடுத்த பல்லைக் குப்பையில் எறியாமல் மண்ணில் புதைப்பது நல்லது.

வெற்றிலைத் தட்டம்

கடைசியாக ஒன்று. கசப்பாக இருந்தாலும் சொல்லாமல் விட முடியாது. ஆழ்வார்திருநகரிக்குக் கிழக்கே ஆத்தூர். அதன் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உழைத்த விவசாயிகளுக்கு அது பெருமை. வெறும் வெற்றிலை மேல் நமக்கு வழக்கில்லை. அதோடு சேரும் பாக்கும் புகையிலையுமே நம் வாய்க்குச் சத்துரு. வெற்றிலையோடு புகையிலை சேர்ந்தால் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1985-ல் சொன்னது. புகையிலை இல்லாத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004-ல் அறிவித்தது. பாக்கு மெல்லுகிறவர்களுக்கு வாயின் உட்சதை நார்போல் இறுகி, வாயைத் திறக்கவே முடியாமல் போவதுண்டு. ஆறாத வெள்ளைத் திட்டோ, புண்ணோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் உடனே காட்ட வேண்டும்.

நிக்காஹ் வீட்டில் தட்டம் நிறையப் பாக்கை வைத்து வாலிபர்களுக்கு நீட்டுகிறோமே, நாம் விருந்தா வைக்கிறோம்? பூண்டு, வெங்காயம் தின்ற வாயோடு பள்ளிக்கு வர வேண்டாம், மனிதர் வருந்துவதுபோல் மலக்குகளும் வருந்துகிறார்கள் என்று கற்றுத் தந்த மார்க்கம் இது. புகையிலைச் சாறு ஊறிய வாயோடு, சீழ் நாறும் ஈறோடு ஸஃப்பில் நிற்கும்போது பக்கத்துச் சகோதரரின் தக்வாவையும் சேர்த்து நாம் சோதிக்கிறோம்.

சகோதர சகோதரிகளே! என் ஸுன்னத்தையும், நேர்வழி பெற்ற கலீஃபாக்களின் ஸுன்னத்தையும் கடைவாய்ப் பற்களால் கவ்விப் பிடித்துக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு வஸிய்யத்துச் செய்தார்கள். உறுதிக்கு அவர்கள் எடுத்துக்காட்டியது கடைவாய்ப் பல். அப்பல்லைக் கவனிப்பதும் அந்த ஸுன்னத்தில் சேர்ந்ததே. காலையும் இரவும் துலக்குங்கள். தொழுகைதோறும் மிஸ்வாக்கை மறவாதீர்கள். வலி வரும்வரை காத்திராமல் வருஷத்துக்கு ஒருமுறையேனும் பல் டாக்டரிடம் காட்டுங்கள். காயத்தின் நிலையை அவரிடம் கேளுங்கள். அதன் சட்டத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். இரண்டையும் கேட்காமல் வீட்டுக்குள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

யா அல்லாஹ்! எங்கள் வாய்களை உன் திக்ரால் நறுமணமாக்குவாயாக! நீ தந்த அமானிதங்களைப் பேணும் பாக்கியத்தை எங்களுக்கும் எங்கள் மக்களுக்கும் தருவாயாக! நோயுற்றோருக்கு முழு ஷிஃபாவை அருள்வாயாக! கடைசி மூச்சில் கலிமாவைத் தெளிவாக மொழியும் வாயை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.